சொல்வதை எழுதுபவர்: பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் காலை. பக்கத்து வீட்டுப் பெண் மறந்துவிட்டுப் போன ஹால் டிக்கெட்டைக் கொடுக்க அவளுடைய கல்லூரிக்கு ஓடியிருந்தேன். வாசலைத் தாண்டியதும் ஒரு வேப்பமரம். அதன் அடியில், மடித்த வெள்ளைக்கோலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குத் தேர்வு. அவனுக்காக எழுத ஒப்புக்கொண்டவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. தேர்வு அலுவலகத்திலிருந்து ஒருவர் வெளியே வந்து, "இங்க பிளஸ் டூ முடிச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் படித்தது பிளஸ் டூ வரைதான். கையைத் தூக்கினேன்.

அன்று எழுதியது வரலாற்றுத் தாள். அதன் பிறகு திருச்சியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் 40-க்கும் மேற்பட்ட தாள்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதும் இந்த வேலையை நம் தேர்வுத்துறை 'சொல்வதை எழுதுபவர்' என்று குறிப்பிடுகிறது. மாணவர்கள் 'ஸ்கிரைப்' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் வேலை இதுதான். பணம் வேண்டாம், சங்கம் வேண்டாம், மேடை வேண்டாம். அரைநாள் போதும். ஆனால் அந்த அரைநாள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும். இதில் பெரிய தவறு இரண்டுதான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது ஒன்று. வந்த பிறகு அவர் சொல்லாததை எழுதுவது இன்னொன்று. கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் தவிர்க்கத்தான்.

1. உங்களால் எழுத முடியுமா? முதலில் தகுதியைப் பாருங்கள்

பலரும் தலைகீழாக நினைக்கிற இடம் இது. "நான் அவ்வளவு படிக்கலையே" என்று வீட்டில் இருக்கும் பெண்கள் தயங்குகிறார்கள். "நான் எம்.எஸ்ஸி., யாருக்கு வேண்டுமானாலும் எழுதுவேன்" என்று வேறு சிலர் வருகிறார்கள். விதி முதலாமவர் பக்கம்தான் இருக்கிறது.

மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, தேர்வர் தானே ஸ்கிரைபை அழைத்து வந்தால், அந்த ஸ்கிரைபின் படிப்பு தேர்வருடைய படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும். அதாவது பி.ஏ. மாணவருக்குப் பிளஸ் டூ முடித்தவர் எழுதலாம். எம்.ஏ. மாணவருக்குப் பட்டதாரி எழுதலாம். தேர்வு நடத்துபவர்களே ஸ்கிரைபைக் கொடுத்தால் அவர் குறைந்தது பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், ஆனால் அந்தத் தேர்வுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு திருத்தங்களும் வந்திருக்கின்றன, 2025 ஆகஸ்டில் போட்டித் தேர்வுகளுக்குப் புதிய நெறிமுறைகள் வந்து இந்தத் தகுதி விதியும் மாறியது. அதனால் ஒவ்வொரு முறையும் அந்தந்தத் தேர்வின் அறிவிக்கையை எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம்.

அரசுப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளுக்கு உங்களைத் தேட மாட்டார்கள். அங்கே பெரும்பாலும் ஆசிரியர்களையே தேர்வுத்துறை நியமிக்கிறது. தட்டுப்பாடு இருப்பது கல்லூரி செமஸ்டர் தேர்வுகளிலும், சொந்தமாக ஸ்கிரைபை அழைத்து வரச் சொல்லும் வேலைவாய்ப்புத் தேர்வுகளிலும்தான். செமஸ்டர் என்றால் நவம்பர், ஏப்ரல் மாதங்கள். அதுவும் வாரநாள், பட்டப்பகல். வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாத நேரம். ஒரே நாளில் ஒரு கல்லூரியில் பத்து மாணவர்களுக்குத் தேர்வு இருந்தால் பத்து பேர் வேண்டும். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர், சிறிய கடை வைத்திருப்பவர், இரவுப் பணிக்குப் போகிறவர், டிப்ளமோ முடித்து வேலை தேடுகிறவர் என்று இவர்கள்தான் இங்கே பொன்னான ஆட்கள்.

படிப்பு கூடுதலாக இருப்பவர்கள் திரும்பிப் போக வேண்டாம். உங்களுக்கான வேலை எட்டாவது பகுதியில் இருக்கிறது, அதுவும் சின்ன வேலையில்லை.

இன்னும் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து மற்றவர்கள் படிக்கும்படி இருக்கிறதா? மூன்று மணி நேரத் தேர்வு கூடுதல் நேரத்தோடு நான்கு மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுத முடியுமா? தேர்வு எழுதும் மொழியைத் தடுமாறாமல் வாய்விட்டுப் படிப்பீர்களா? மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. எழுதுவதில் பாதி, படித்துக் காட்டுவதில் பாதி, இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்கிரைப் வேலை.

2. எங்கே போய்ச் சொல்வது?

உங்கள் ஊர்க் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய், பெயர், படிப்பு, போன் நம்பர், எந்தெந்த நாள் வர முடியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் இருப்பார், அவரையும் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருந்தால் அங்கேயும் பதிந்து வையுங்கள். திருச்சி புத்தூரிலும் பூந்தமல்லியிலும் இருப்பதுபோல் பார்வையற்றோருக்கான பள்ளி உங்கள் ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே படித்தவர்கள்தான் இப்போது பல கல்லூரிகளில் இருக்கிறார்கள், பள்ளி ஆசிரியர்களுக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் தெரியும்.

வாட்ஸ்அப் குழுக்களும் நிறைய இருக்கின்றன. சேருங்கள். ஆனால் ஆதார் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் குழுவில் போட்டுவிடாதீர்கள். யாருக்கு எழுதுகிறீர்களோ அவருக்கு மட்டும், நகலின் குறுக்கே 'இந்தத் தேர்வுக்கு, இந்தத் தேதிக்கு ஸ்கிரைபாக' என்று பேனாவால் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள்.

3. போன் வந்ததும் என்ன கேட்க வேண்டும்

என்ன தேர்வு, எந்தத் தாள், தமிழிலா ஆங்கிலத்திலா, தேதி, நேரம், மையம் எங்கே, பேனாவால் எழுதுவதா கணினியிலா, ஸ்கிரைபுக்கு அனுமதிக் கடிதம் வாங்கியாகிவிட்டதா. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே பேசுங்கள்.

நீங்களும் அதே தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வங்கித் தேர்வுகளில் தேர்வராக இருப்பவர் இன்னொருவருக்கு ஸ்கிரைபாக இருக்கக் கூடாது. ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வருக்கு எழுதவும் கூடாது. மாட்டினால் இருவருடைய வாய்ப்பும் போகும்.

அப்புறம், பதில். நம்மில் பலருக்கு 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்ல வராது. "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன் தம்பி" என்போம். எதிரில் இருப்பவருக்கு அது 'சரி' என்றுதான் கேட்கும். அவர் அடுத்த ஆளைத் தேடுவதை நிறுத்திவிடுவார். வேப்பமரத்தடியில் நின்ற பையனுக்கும் நடந்தது அதுதான். முந்தின நாள் ராத்திரிகூட அந்த ஆள் "வந்துடுவேன்" என்றாராம். வர முடியாது என்றால் அந்த நொடியே முடியாது என்று சொல்லுங்கள். அதில் ஒரு வருத்தமும் அவருக்கு இருக்காது, அவரிடம் இன்னும் பத்து நம்பர் இருக்கும். ஒப்புக்கொண்ட பிறகு காய்ச்சல் வந்தால், உங்களைப் போலவே தகுதியுள்ள ஒருவரைப் பேசிவைத்துவிட்டுத்தான் செய்தியைச் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு ஸ்கிரைபை மாற்றிக்கொள்ள 2018 நெறிமுறைகள் இடம் கொடுக்கின்றன. மொழித்தாள்களுக்கு வேறு வேறு ஸ்கிரைப் வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு, ஆனால் ஒரு பாடத்துக்கு ஒருவர்தான்.

4. காகிதங்கள்

ஆதார் அசலும் நகலும், கடைசியாகத் தேறிய படிப்பின் மதிப்பெண் பட்டியல் அசலும் நகலும், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு. உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கும். அதில் தேர்வரும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் படிப்பை மறைக்காமல் எழுத வேண்டும். பட்டம் வாங்கியவர் பிளஸ் டூ சான்றிதழை மட்டும் காட்டிவிட்டு உட்காரலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். பின்னால் தெரிந்தால் ரத்தாவது அந்த மாணவருடைய தேர்வு. செய்யவே செய்யாதீர்கள்.

மாணவர் பக்கம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் இருக்க வேண்டும். கூடவே தேர்வு அறிவிக்கையில் ஸ்கிரைப் பற்றியும் கூடுதல் நேரம் பற்றியும் சொல்லியிருக்கும் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய்யும் நேரம் தர வேண்டும் என்பது 2018 நெறிமுறைகளில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வரும் மேற்பார்வையாளருக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஒருமுறை, மற்ற மாணவர்களோடு எங்கள் தாளையும் வாங்க வந்துவிட்டார்கள். வாக்குவாதம் பண்ணவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "சரிம்மா, எழுதுங்க" என்று போய்விட்டார்.

பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான் இந்த வசதி என்று நினைக்க வேண்டாம். இரு கைகளும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் கேட்டாலே கிடைக்க வேண்டும். மற்ற குறைபாடு உள்ளவர்கள் அரசு மருத்துவரின் சான்று வாங்க வேண்டும். எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் குடிமைப்பணித் தேர்வுக்காக வழக்குத் தொடுத்து, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. குறைபாடு 40 சதவீதம் என்ற அளவை எட்டாதவர்களுக்கும் ஸ்கிரைப் கிடைக்க வழி பிறந்தது அப்படித்தான்.

5. ஒருமுறையாவது முன்கூட்டியே சந்தியுங்கள்

தேர்வு நடத்துபவர்கள் ஸ்கிரைபைக் கொடுத்தால், இரண்டு நாள் முன்பே இருவரும் சந்திக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. நீங்களாகப் பேசிக்கொண்டு போவதானாலும் இதை விட்டுவிடாதீர்கள். நேரில் முடியாவிட்டால் போனில் அரைமணி நேரம்.

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் விடையைச் சொல்லச் சொல்லி எழுதிப் பாருங்கள். அவருடைய வேகம் உங்களுக்குத் தெரியும், உங்கள் வேகம் அவருக்குத் தெரியும். சிலர் முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். சிலர் நான்கு நான்கு சொல்லாகச் சொல்வார்கள். நீங்கள் எழுதி முடித்ததும் 'ம்' என்று சொன்னால் போதும் என்று பேசிக்கொள்ளுங்கள். இந்த 'ம்' நான்கு மணி நேரத்தில் எத்தனை முறை காப்பாற்றும் என்பது உள்ளே போனால் தெரியும்.

பாடத்தின் கலைச்சொற்களையும் பெயர்களையும் சொல்லச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொருளாதாரத் தாளில் 'கெயின்ஸ்' என்ற பொருளியல் அறிஞரின் பெயர் எனக்குக் காதில் வேறு எதுவாகவோ விழுந்து, மாணவன் மூன்று முறை சொல்ல வேண்டியதாகிவிட்டது. தவறு அவனுடைய உச்சரிப்பில் இல்லை. எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

தமிழ்த் தாளுக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. லகர, ளகர, ழகரம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் ஊர்களில் நாம் இருக்கிறோம். "சின்ன ல-வா, பெரிய ள-வா", "ரெண்டு சுழியா, மூணு சுழியா" என்று ஒரு மாணவியிடம் நான் கேட்டேன். சட்டென்று பதில் வந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத பெண் அவள், சுழி எதையும் கண்டதில்லை. பிரெய்லில் னகரமும் ணகரமும் தனித்தனிப் புள்ளிகள். விரலுக்கு அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதற்கு நாம் வைத்த பெயரைக் காதால் கற்றிருக்கிறாள். பிரெய்ல் நன்றாகப் படித்தவர்களிடம் எழுத்துப்பிழை குறைவாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டி அழைத்துப் போவதையும் அன்றே பழகிக்கொள்ளுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கோலைத் தொடக் கூடாது. உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். "படி ஏறுது", "படி முடிஞ்சது" என்று சொல்லுங்கள். நாற்காலி வந்ததும் அதன் முதுகில் அவர் கையை வைத்தால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். எழுந்து போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் வெற்று இடத்தோடு பேசிக்கொண்டிருப்பார்.

6. தேர்வு நாள்

ஒரு மணி நேரம் முன்னதாக மையத்தில் இருங்கள். ஒரே நிறத்தில் எழுதும் பேனா மூன்று, பென்சில், அளவுகோல், தண்ணீர். காலைத் தேர்வு இரண்டு மணிவரை போகும், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். போனை அணைத்து வெளியே வைத்துவிடுங்கள். தனி அறையோ தனி மூலையோ தருவார்கள், ஏனென்றால் நாம் பேச வேண்டும். வராந்தா ஓரமாகப் போட்டுச் சத்தம் அதிகமாக இருந்தால் தொடங்குவதற்கு முன்பே மாற்றிக் கேளுங்கள். எழுதத் தொடங்கிய பிறகு மாறினால் அவருடைய நேரம் போகும்.

விடைத்தாளில் முதலில் பதிவெண். எழுதிய பிறகு ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள்.

வினாத்தாள் வந்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மதிப்பெண், 'அல்லது', 'எவையேனும் ஐந்து' எல்லாவற்றையும் சேர்த்துத்தான். பார்வையுள்ள மாணவன் ஐந்து நிமிடத்தில் தாளை மேய்ந்து எதை முதலில் எழுதலாம் என்று முடிவு செய்கிறான் அல்லவா, அந்த மேய்ச்சலை இவருக்கு உங்கள் குரல்தான் செய்து தர வேண்டும். எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது என்று அவர் சொல்லட்டும்.

படிப்பதில் சில நுணுக்கங்கள். கோடிட்ட இடம் வந்தால் "கோடு" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். அடிக்கோடு, தடித்த எழுத்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். நான்கு விடைகளையும் ஒரே தொனியில் படியுங்கள், சரியான விடையில் குரல் தானாக அழுத்தும், கவனமாக இருங்கள். பொருத்துக என்றால் இடது பக்கம் முழுவதையும் முதலில், பிறகு வலது பக்கம் முழுவதையும். அட்டவணை என்றால் முதலில் தலைப்புகள், பிறகு வரிசை வரிசையாக. கணக்கில் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் விடையே மாறிவிடும். படமோ வரைபடமோ வந்தால் நீங்களாக விளக்கக் கூடாது. பல தேர்வுகளில் பார்வையற்றவர்களுக்கு மாற்று வினா கொடுத்திருப்பார்கள், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.

எழுதும்போது கேள்வி எண்ணை ஓரத்தில் போட்டு வாயாலும் சொல்லுங்கள். "புதுப் பத்தியா?", "இது உட்தலைப்பா?" என்று கேட்கலாம். ஒவ்வொரு விடை முடிந்ததும் திருப்பிப் படித்துக் காட்டவா என்று கேளுங்கள், நேரத்தைப் பொறுத்து அவர் முடிவெடுப்பார். அரைமணிக்கு ஒருமுறை நேரமும், எத்தனை மதிப்பெண்ணுக்கு எழுதியாகிவிட்டது என்பதையும் சொல்லுங்கள். கை வலித்தால் அரை நிமிடம் உதறிக்கொள்ளலாம், அதையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விடைகளைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாள் என்றால் "கேள்வி 27, விடை சி" என்று சொல்லிக்கொண்டே கறுப்பாக்குங்கள். பத்து கேள்விக்கு ஒருமுறை எண் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். கணினித் தேர்வு என்றால் ஒவ்வொரு விடையும் சேமிக்கப்பட்டதா என்பதை உறுதிசெய்த பிறகுதான் அடுத்த கேள்வி.

முடிவில் கூடுதல் தாள்களை எண்ணி வரிசையாகக் கட்டுங்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவரே போடுவார். ஓர் அட்டையை அந்தக் கோட்டின் கீழே வைத்து விரலைத் தொட்டுக் காட்டினால் போதும். ரேகை வைப்பவராக இருந்தால் மையை நீட்டுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் எழுதிவிடாதீர்கள்.

7. தப்பாகச் சொன்னால்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். விடை எளிது: அவர் சொன்னதை எழுதுங்கள். செய்வதுதான் கஷ்டம்.

என்னுடைய மூன்றாவது தாளோ நான்காவது தாளோ. மாணவன் வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நடுவில் வேலூர்ப் புரட்சி வந்தது. "1857" என்றான். அது 1806 என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்த வருடத்தைப் பத்து முறை எழுத வைத்த டீச்சர் முகம்கூட நினைவுக்கு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேனா நின்றுவிட்டது. இரண்டு நொடிதான் இருக்கும். அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்தான். "என்னக்கா நிறுத்திட்டீங்க? தப்பா?" என்றான்.

தாளில் பேனா ஓடும் சத்தத்தையே அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். என்னுடைய அந்த மௌனமே துப்புக் கொடுத்துவிட்டது. "இல்ல, பேனா சரியா எழுதல" என்று பொய் சொல்லிவிட்டு 1857 என்றே எழுதினேன். அவனும் மாற்றவில்லை. வீடு வரும்வரை மனசே சரியில்லை. ஒரு மதிப்பெண் போனதே என்று ஒரு பக்கம், அவனைக் குழப்பிவிட்டேனே என்று இன்னொரு பக்கம்.

அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பொருளைக் கவனிக்காமல் சொல்லை மட்டும் கவனிப்பது. சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே வேகம், ஒரே 'ம்'. "நல்லா எழுதியிருக்கே" என்றுகூட நடுவில் சொல்வதில்லை. பாடமே தெரியாதவர் அந்தப் பாடத்துக்கு எழுதுவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. "ஸ்கிரைப்தானே எழுதினான், இவனுக்கு என்ன தெரியும்" என்று வேலைக்குச் சேர்ந்த பிறகும் இவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது. நாம் ஒரு விடையைத் திருத்தினால் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும். பார்வை முற்றிலும் இல்லாத சென்னைப் பெண் பெனோ செபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வானார். மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி, 2020-இல் வெளியான குடிமைப்பணித் தேர்வு முடிவில் அகில இந்திய அளவில் 286-ஆம் இடம் பிடித்தார். அந்த விடைகள் அவர்களுடைய விடைகள்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு விளக்கம். வரலாறு, பொருளாதாரம் போன்ற தாள்களில் சாதாரணச் சொற்களை நாம் வழக்கமாக எழுதுவதுபோல் எழுதலாம். மொழித்தாளில் சந்தேகம் வரும் சொல்லுக்கு அவரையே எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள். தவறு உங்களுடையது என்றால், அதாவது கேள்வி எண்ணை மாற்றிப் போட்டுவிட்டால், அல்லது ஒரு வரியை விட்டுவிட்டால், உடனே அவரிடம் சொல்லி அடித்துத் திருத்துங்கள். மறைக்க வேண்டாம். அவரால் கண்டுபிடிக்க முடியாது என்பதாலேயே நாம் சொல்லியாக வேண்டும்.

வெளியே வந்ததும் அவர் பெரும்பாலும் "அக்கா, எப்படிப் போச்சு?" என்று கேட்பார். நான் மதிப்பெண் கணக்கெல்லாம் போட்டுச் சொல்ல மாட்டேன். எத்தனை கேள்விக்கு எழுதினோம், எத்தனை பக்கம் என்று மட்டும் சொல்வேன். அவர் என்ன எழுதினார் என்பது வெளியில் யாருக்கும் போகக் கூடாது. அவரோடு படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவதும் வேண்டாம். தன்னுடைய தேர்வு இன்னொருவருடைய புண்ணியக் கணக்காக ஊரைச் சுற்றுவதை யார்தான் விரும்புவார்கள்?

பணம்? சில இடங்களில் தேர்வு நடத்துபவர்களே ஸ்கிரைபுக்கு ஒரு தொகை தருகிறார்கள், வாங்கிக்கொள்ளலாம். மாணவரிடம் வாங்காதீர்கள். டீ வாங்கித் தந்தால் குடியுங்கள். நான்கு மணி நேரம் அடுத்தவர் கையை நம்பி உட்கார்ந்திருந்தவர், தன் காசில் ஒரு டீ வாங்கித் தர நினைப்பதைத் தடுக்கக் கூடாது.

8. எழுத முடியாதவர்களுக்கு: வாசித்துப் பதிவு செய்வது

தேர்வு நான்கு மணி நேரம்தான். படிப்பு ஆறு மாதம். கல்லூரிப் புத்தகங்களில் பெரும்பாலானவை பிரெய்லில் கிடைப்பதில்லை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது, ஆனால் எல்லா ஊர்க்காரரும் கோட்டூர்புரம் போய்ப் படிக்க முடியாது. அதனால் மாணவர்கள் இரண்டை நம்பியிருக்கிறார்கள். ஒன்று, திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான்: கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ., ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக். இரண்டு, நம்மைப் போன்றவர்களின் குரல்.

குரலில் பதிவு செய்வதானால் போன் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். புத்தகத்தின் பெயர், பாடத்தின் பெயர், பக்க எண் சொல்லித் தொடங்குங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயரில் பாட எண். பக்கம் மாறும்போது பக்க எண்ணைச் சொன்னால் தேடுவது எளிது. நடிக்க வேண்டாம், செய்தி வாசிப்பதுபோல் இருந்தால் போதும். அவர்கள் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டித்தான் கேட்பார்கள். புத்தகத்தைப் பதிவு செய்வது சட்டப்படி சரிதானா என்று சிலர் பயப்படுகிறார்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் லாப நோக்கமின்றி மாற்றிக் கொடுப்பதை அனுமதிக்கிறது. பொதுவெளியில் எல்லோருக்கும் ஏற்றி வைக்காமல், தேவைப்படுகிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

தட்டச்சு தெரிந்தவர்கள் குறிப்புகளைத் தட்டிக் கொடுக்கலாம். ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில்தான் தட்ட வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பானுக்கு வெறும் உளறலாகக் கேட்கும். பக்கத்தைப் படமெடுத்துப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதும் அப்படியே, உள்ளே எழுத்து இல்லாத படத்தை அது எப்படி வாசிக்கும்? படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் தமிழுக்கு இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. பிரித்தெடுத்ததை ஒருவர் உட்கார்ந்து பிழை பார்த்துக் கொடுத்தால் அதுவே பெரிய வேலை. எம்.ஏ., எம்.எஸ்ஸி. படித்தவர்கள் இங்கேதான் வேண்டும்.

9. தெருவுக்கு ஒரு பட்டியல்

தனியாக ஓடினால் ஒரு செமஸ்டரில் அலுத்துவிடும். எங்கள் பக்கத்தில் இப்போது பதினொரு பேர் இருக்கிறோம். ஒரு பெரிய நாட்காட்டியில் தேதிவாரியாக மாணவர் பெயரின் முதலெழுத்து, ஸ்கிரைப், மாற்று ஆள் என்று மூன்று கட்டம். மாற்று ஆள் கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தாளை ஏற்றுக்கொள்வதில்லை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு ஒருவர் எல்லோரையும் கூப்பிட்டு உறுதி செய்கிறார். மாற்று ஆளும் அன்று காலை குளித்துச் சாப்பிட்டுத் தயாராக இருக்க வேண்டும், ஸ்கிரைப் மையத்துக்குள் போய்விட்டதாகச் செய்தி வந்த பிறகுதான் அவருக்கு விடுதலை. இந்த ஏற்பாடு வந்த பிறகு எங்கள் பட்டியலில் இருக்கும் மாணவர் யாரும் வாசலில் காத்து நிற்கவில்லை.

நவம்பர் தேர்வுக்கு எழுத நினைப்பவர்கள் செப்டம்பர் கடைசிக்குள் கல்லூரி அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். அக்டோபரில் அனுமதிக் கடிதத்துக்கு மாணவர்கள் அலையத் தொடங்குவார்கள், அப்போது உங்கள் பெயர் அங்கே இருக்க வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் பீரோவில் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். எனக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாளானது.